டிவியில் வந்த பழைய வீடுகளை நேரில் பார்ப்பது எப்படி: காவிரிக் கரையில் ஒரு மழைக்கால வழிகாட்டி

எங்கள் வீடு டிவியில் மொத்தம் பதினோரு நிமிடம் வந்தது. கும்பகோணத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் ஒரு ஊர். தாத்தா காலத்து ஓட்டு வீடு, நடுவில் முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம். பங்குனி மாதம் படம் பிடித்தார்கள். சுவரெல்லாம் பால் வெள்ளை, தூணெல்லாம் பாலிஷ், முற்றத்தில் பித்தளை உருளி, அதில் தாமரை. உருளியும் தாமரையும் அவர்களே கொண்டுவந்தது. ஒளிபரப்பான அன்று ராத்திரி மாயவரத்து அத்தை போன் செய்து, "உங்க வீடாடா இது? மாமா நம்பவே மாட்டேங்கிறார்" என்றாள்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் அடைமழை. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் பெயிண்ட் அப்பளம்போல் உப்பிப் பொலபொலவென்று உதிர்ந்தது. சரியாக அந்த வாரம்தான் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம், டிவியில் பார்த்த வீட்டை நேரில் பார்க்கலாமா என்று கேட்டு வாசலில் வந்து நின்றது. எனக்கு மானம் போயிற்று. அவர்களோ தூணையும் முற்றத்தையும் விட்டுவிட்டு அந்த உதிர்ந்த சுவரைத்தான் அரை மணி நேரம் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஊரில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு இருந்தது.

அதற்கப்புறம் கேட்டு வருகிறவர்களை நானே அழைத்துக்கொண்டு போய், இந்த வட்டாரத்தில் புதுப்பித்த வீடுகள் சிலவற்றைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தனியாகப் போகிறவர்களுக்காக அந்த வழக்கத்தை இங்கே எழுதுகிறேன். டிவியில் வந்தாலும் யூடியூபில் வந்தாலும் முறை ஒன்றுதான்.

இப்படி வீடு பார்க்கப் போவது அமெரிக்காவில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. டெக்ஸாஸ் மாநிலத்து வேக்கோ நகர வட்டாரத்தில் பழைய வீடுகளை எடுத்துப் புதுப்பித்துக் காட்டிய 'ஃபிக்சர் அப்பர்' நிகழ்ச்சி 2013 முதல் 2018 வரை ஓடியது. அந்த வீடுகளைச் சுற்றிக் காட்ட வேக்கோவில் வேன் பயணங்கள் உண்டு. வீடுகளில் குடும்பங்கள் இருப்பதால் பெரும்பாலும் தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. திரையில் கண்ட மேசை, சோபா, அலங்காரப் பொருள்களில் பலவும் படப்பிடிப்புக்காக வந்தவை. வீட்டுக்காரர் வேண்டுமென்றால் தனியே காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் உருளி ஞாபகம் வந்தது.

முதல் வேலை: சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள்

கிளம்புவதற்கு முன் அந்த நிகழ்ச்சியைச் சத்தமில்லாமல் ஒரு தடவை ஓடவிடுங்கள். வீணை இசையும் பின்னணிக் குரலும் போய்விட்டால் படம் என்ன காட்டுகிறது, என்னத்தைக் காட்டாமல் விடுகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் காட்டுவது வாசல் கதவு, முற்றம், ஊஞ்சல், தூண், சமையலறை மேடை. காட்டாதது கூரையின் உட்புறம், சுவரின் அடிப்பாகம், குளியலறைக்குப் பின்சுவர், கொல்லை, முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற வழி. எங்கள் பதினோரு நிமிடத்தில் கொல்லை ஒரு நொடிகூட வரவில்லை. வந்திருந்தால், சுவரிலிருந்து உடைத்து எடுத்த பழைய சுண்ணாம்புக் காரை மலைபோல் குவிந்து கிடந்தது தெரிந்திருக்கும்.

காட்டாதவற்றின் பட்டியலைத்தான் நேரில் போகும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது

படப்பிடிப்புக்காரர்களுக்குப் பிடித்தது மாசியும் பங்குனியும். வெளிச்சம் நன்றாக இருக்கும், எல்லாம் காய்ந்திருக்கும். வீடு பார்க்கிறவருக்கு அந்த இரண்டு மாதமும் ஆகாது. இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கும். ஒரு நல்ல மழை விட்ட மூன்றாம் நாள் போங்கள். மழை கொட்டும்போது போனால் வீட்டுக்காரர் உங்களைக் கவனிப்பாரா, ஒழுகுகிற இடத்தைக் கவனிப்பாரா? மூன்றாம் நாள் வெயில் அடித்திருக்கும், தரை காய்ந்திருக்கும், சுவர் மட்டும் காயாமல் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தீபாவளி வாரம் வேண்டாம். கும்பகோணத்தில் மாசி மகத்தை ஒட்டிய நாட்களும் வேண்டாம். அடுத்த மகாமகம் 2028இல். அந்த மாசியில் ஊருக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடு. கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: "போன கார்த்திகையில் எடுத்த போட்டோ ஏதாவது போனில் இருக்கிறதா?" பெரும்பாலும் இருக்கும். கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வைத்து எல்லோரும் படம் எடுப்பார்கள். விளக்குக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பாருங்கள்.

அனுமதி கேட்பது

இதில் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம். டிவியில் வந்துவிட்டதாலேயே வீடு பொதுச்சொத்து ஆகிவிடாது. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை எட்டு பேர் சொல்லாமல் வந்தார்கள். அம்மா முற்றத்தில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். அவர்களில் ஒருவர், "அம்மா, கொஞ்சம் நகர்ந்துக்குங்க, போட்டோல விழறீங்க" என்றார். அம்மா நகரவில்லை. அவர்களுக்கு வடாமும் கொடுக்கவில்லை.

ஆகவே தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்புங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அந்த ஊர் டீக்கடையிலோ கோயில் வாசலிலோ விசாரித்தால் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். டெல்டாவில் புதுப்பித்த வீடு பலவற்றின் சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சாவி பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருக்கும். சொந்தக்காரரிடம் போனில் சம்மதம் வாங்கிவிட்டு, அண்ணனிடம் நேரில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பழம் போதும். காசை நீட்டினால் சில இடத்தில் கோபித்துக்கொள்வார்கள். அதை ஒரு தொழிலாகச் செய்கிற வீட்டில் கட்டணம் என்னவென்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் போங்கள். செருப்பைத் திண்ணைக்குக் கீழே விடுங்கள். சமையலறைக்கும் சாமி அறைக்கும் கேட்காமல் போக வேண்டாம். போட்டோ எடுக்கலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பது நலம். கூடத்துக்குச் சரி என்றவர் பாட்டி படுத்திருக்கிற அறைக்குச் சரி என்று சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் ஒரு அளவுகோல் வீடு

புதுப்பித்த வீட்டுக்கு நேராகப் போனால் எது பழசு, எது புதுசு என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருக்கும் கணிதமேதை ராமானுஜன் வீட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பராமரிக்கிறது. 2003இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பெரிய வீடு ஒன்றும் கிடையாது. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் ஓரமாக ஒரு கட்டில், உள்ளே சின்னச் சின்ன இடங்கள். ராமானுஜன் பெயருக்காக வருகிறவர்கள் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் உயரங்களைப் பாருங்கள். தெருவுக்கும் திண்ணைக்கும் எத்தனை படி? கதவு நிலை உங்கள் தலைக்கு எவ்வளவு மேலே? கூரை எந்தப் பக்கம் சரிகிறது? ஒரு கோயில் தெரு வீடு எந்த அளவில் இருக்கும் என்பது மனசில் பதிந்துவிட்டால், அப்புறம் பார்க்கிற வீடுகளில் எங்கே இடித்தார்கள், எங்கே நீட்டினார்கள் என்பது தானாகத் தெரியும்.

தண்ணீரின் பின்னாலேயே போங்கள்

இனி டிவி வீடு. வழக்கமாக வீட்டுக்காரர் உங்களை அறை அறையாக அழைத்துப் போவார். அது அவர் வரிசை. அதை மரியாதையாகச் சுற்றி முடித்துவிட்டு, "நான் இன்னொரு முறை மெதுவாகப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். இரண்டாவது சுற்று மழைத்தண்ணீர் போகிற வரிசை: கூரையில் விழுவதிலிருந்து கொல்லை வழியாக வெளியேறுவது வரை. டெல்டாவில் வீடு கட்டியவர்கள் யோசித்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான். கீழே களிமண். மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கிணறும் ஏறும். அப்படிப்பட்ட மண்ணில் வீட்டை உலரவைப்பதுதான் வேலையே.

தெருவில் தொடங்குங்கள். பழைய திண்ணை இடுப்பு உயரம் இருந்திருக்கும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே கொட்டியதில் பல தெருக்களில் திண்ணை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. சில வீடுகளில் வாசற்படி ஏறுவதற்குப் பதிலாக இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே மழைத்தண்ணீர் வெளியே போக வேண்டிய வழியிலேயே உள்ளே வரும். உள்ளே எத்தனை லட்சத்துக்கு அலங்காரம் செய்திருந்தாலும் அந்த வீட்டில் முதல் கேள்வி, தெருத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறோம் என்று சிலர் வருவார்கள். அடியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் ஓடுகிற வீட்டுக்கு அது வேறு விஷயம். செங்கல்லைச் சேறு வைத்துக் கட்டிய நூறு வருஷத்துச் சுவரில் அந்தச் சோதனை எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் கூரை. தாழ்வாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நாட்டு ஓடா, சீமை ஓடா? அரை வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தது நாட்டு ஓடு. தட்டையாக, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு; பாசல் மிஷன் என்ற பாதிரிமார் அமைப்பு 1865இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்து அடிக்க ஆரம்பித்தது. ஓட்டில் கம்பெனி முத்திரை இருக்கும். தாழ்வாகச் சரிகிற இடத்தில் அதைப் படிக்கலாம், பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. ஒரே கூரையில் மூன்று நான்கு முத்திரை கலந்திருந்தால் உடைய உடைய மாற்றி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அப்படிப்பட்ட கூரைமேல் ஒரு மரியாதை. ஓட்டு வீடு என்றால் கோடைக்குக் கோடை ஆள் ஏறி உடைந்ததை மாற்றி, நகர்ந்ததைத் திருப்பி வைக்க வேண்டும். கும்பகோணம் பக்கம் குரங்கு வேறு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் எத்தனையோ ஓட்டுக் கூரைகள் பறந்தன. அவசரத்துக்குத் தகரம் போட்டவர்கள் பலர் அப்படியே இருந்துவிட்டார்கள். தகரத்தின்மேல் ஓட்டை அடுக்கி, கீழே மரப்பலகையால் மறைத்த வீடுகளும் உண்டு. கேமராவுக்கு அந்தப் பலகைக் கூரை அழகுதான். ஆனால் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. பலகை ஊறி ஒருநாள் மொத்தமாக இறங்கும்போதுதான் தெரியும். மேலே ஏறிப் பார்க்க ஒரு திறப்பு விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சட்டங்களில் ஒன்று மட்டும் மற்றதைவிடப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே சற்று நில்லுங்கள்.

முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவு சேருமிடம் கூடல்வாய். ஓட்டு வீட்டில் முதலில் நோய் வருவது அங்கேதான். இரண்டு கூரையின் தண்ணீரும் அந்த ஒரு தகட்டில் ஓடி முற்றத்தில் கொட்டும். தகடு துத்தநாகமா தகரமா, எப்போது மாற்றியது, அதற்குக் கீழே இருக்கிற மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி போடுவது இப்போது எல்லா வீட்டிலும் உண்டு, அதில் குற்றமில்லை. கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு முழுக்க மூடிவிட்ட வீட்டில் மட்டும் உச்சி வெயிலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சூடு மேலே போக வழியில்லாமல் கூடத்திலேயே சுற்றும். ஃபேன் ஓடாத முற்றத்து வீட்டில் மத்தியானத் தூக்கம் போட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் உடனே புரியும்.

முற்றத்துத் தரையில் ஒரு மூலையில் தூம்பு இருக்கும், சில வீடுகளில் ஜலதாரை என்பார்கள். அங்கிருந்து தரைக்கடியில் தெருவுக்கோ கொல்லைக்கோ தண்ணீர் போகும். வீட்டுக்காரர் தோழமையாக இருந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மடமடவென்று போனால் நல்லது. குளம் கட்டி நின்று மெதுவாக இறங்கினால் உள்ளே அடைப்பு, அல்லது வெளியே சாக்கடை உயர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் டைல்ஸ் ஒட்டிய ஆள் சிமெண்ட் கழுவின தண்ணீரையெல்லாம் அதில்தான் ஊற்றியிருக்கிறார். அடுத்த மழையில் முற்றமே குளமாயிற்று.

இப்போது சுவர். புறங்கையை முழங்கால் உயரத்தில் வையுங்கள், அப்புறம் தோள் உயரத்தில். இரண்டுக்கும் குளிர்ச்சியில் வித்தியாசம் தெரிந்தால் கீழேயிருந்து ஈரம் ஏறுகிறது. பழைய சுவருக்கு அடிமட்டத்தில் ஈரம் தடுக்கிற அடுக்கு (டி.பி.சி.) எல்லாம் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல்லில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரை பூசியிருந்தவரை அந்த ஈரம் காரை வழியாக வெளியே வந்து காற்றில் உலர்ந்துவிடும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தால் போதும். அதை உரித்துவிட்டு சிமெண்ட் பூசினால், அதற்குமேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால், ஈரத்துக்கு வழி அடைபட்டுப்போகும். சிமெண்ட் பூச்சு எந்த உயரத்தில் முடிகிறதோ அதுவரைக்கும் ஏறும். தண்ணீரில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளும். எங்கள் அப்பளம் அப்படித்தான் பொரிந்தது.

படப்பிடிப்புக்கு முன் சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான். சீக்கிரம் முடியும் என்றார்கள், சரி என்றேன். மழைக்கப்புறம் சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வயசான கொத்தனாரை அழைத்து வந்தோம். சுவரை விரலால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். டொப் டொப் என்று பொள்ளலாகக் கேட்ட இடத்திலெல்லாம் கரியால் வட்டம் போட்டார். அப்புறம், "சொவத்துக்குச் சட்டை போட்டா பரவால்ல தம்பி. சாக்குப் பையில போட்டுக் கட்டிட்டீங்களே" என்றார். நாலடி உயரத்துக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டார். சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டுப் பூசினார். சுண்ணாம்பு காற்றை வாங்கி மெல்ல மெல்லத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. அந்த வேலையைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை.

இது தெரிந்தால் மற்ற வீடுகளில் ஒரு தந்திரத்தையும் கண்டுபிடிக்கலாம். கூடத்துச் சுவரில் மூன்றடிக்கு டைல்ஸோ மரப்பலகையோ ஒட்டியிருந்தால் அழகுக்காகவும் இருக்கலாம். டைல்ஸுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறம் மங்கி வரி வரியாக இருந்தால் அழகுக்காக இல்லை.

தூண்களில் தலைப்பக்கத்துப் போதிகைச் செதுக்கலை எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து காலைப் பாருங்கள். மரத்தூண் தரையைத் தொடாமல் ஒரு கல்லின்மேல் நிற்க வேண்டும். பழைய சிவப்புத் தரைமேலேயே புது டைல்ஸ் ஒட்டியதில் சில வீடுகளில் அந்தக் கல் புதைந்து, மரத்தின் அடி தரையோடு ஒட்டிவிடுகிறது. தரையைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கும், கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்ததுபோல் ஆகும். பர்மாத் தேக்கை லேசில் கரையான் தொடாது என்பது பழைய நம்பிக்கை; ஊறிப்போன தேக்கைத் தொட்டதை நானே பார்த்திருக்கிறேன். மழை விட்ட சாயங்காலம் விளக்கடியில் ஈசல் சிறகு குவிந்து கிடந்தால் வெளியிலிருந்து வந்திருக்கலாம். நிலைப்படியின் இடுக்கிலிருந்தே கிளம்பினால் உள்ளே குடித்தனம் இருக்கிறது.

விரிசல்களில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதைக் கவனியுங்கள், அது மண் அசைவதால் வருவது. முடி போன்ற விரிசலுக்குப் பயப்பட வேண்டாம், களிமண்மேல் நிற்கிற வீட்டில் அது கோடையில் திறந்து மழையில் மூடும். எங்கள் கொத்தனார் விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டுவைப்பார். அப்படி ஒரு கோடு கண்ணில் பட்டால் அந்த வீட்டுக்காரரிடம் தாராளமாகப் பேசலாம், விஷயம் தெரிந்தவர்.

கடைசியாக கொல்லை. போகிற வழியில் புதிதாகச் சேர்த்த குளியலறையின் மறுபக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தங்குவதற்கு அறை வாடகைக்கு விடும் வீடுகளில் பழைய நெல் அறையைத் தடுத்துக் கக்கூஸ் கட்டியிருப்பார்கள். அடுத்த பக்கம் சாமி அறையாக இருப்பதும் உண்டு. கிணற்றை எட்டிப் பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் பார்த்தால் ஆழத்தில் மின்னும் தண்ணீர், வாய்க்கால் ஓடி மழையும் பெய்த பிறகு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கும். செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டு, கிணற்றுக்கும் அதற்கும் நடுவே காலடி எண்ணுங்கள். இதைக் கேட்க யாருக்கும் கூச்சம் வேண்டாம். நாளைக்கு அந்த வீட்டில் தங்கப்போகிறவர் நீங்களாக இருந்தால் குடிக்கிற தண்ணீர் அதுதான்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை

எவ்வளவு செலவாயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். வருகிற பதில் பெரும்பாலும் உதவாது, கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். அதைவிட, படம் பிடித்த பிறகு எதைத் திரும்பச் செய்தீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்காரச் சொல்லி காபி கொடுத்தவர்கள்தான் எனக்கு உருப்படியான தகவல் தந்தவர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யார், ஓடு மாற்ற ஆள் எங்கிருந்து வருகிறார், பழைய ஓடும் மரமும் எந்த இடிப்புக் கடையில் கிடைத்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருஷத்துக்குப் பராமரிப்புக்கு எத்தனை நாள் போகிறது என்பதும் முக்கியம். "ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை" என்று ஓட்டு வீட்டுக்காரர் சொன்னால் அவர் இன்னும் ஒரு மழைகூடப் பார்க்கவில்லை.

தரங்கம்பாடி: சாயங்காலத்துக்கு

ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் காலையில் கும்பகோணம், பத்தரைக்குள் டிவி வீடு, மத்தியானச் சாப்பாடு மயிலாடுதுறையில். அங்கிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து ரயிலே போனது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான், அல்லது கார்.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள் என்பதெல்லாம் பலகையிலேயே எழுதியிருக்கும். கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரையோடு திரும்பிவிடாமல் தெருக்களுக்குள் நடங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற இன்டாக் அமைப்பு டேனிஷ் நிதியுதவியுடன் கோல்ட்ஸ்மித் தெருவில் சிதைந்து கிடந்த தமிழ் வீடுகள் சிலவற்றைச் சீரமைத்தது. திண்ணை, மரத்தூண், ஓட்டுச் சரிவு எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. காலையில் பார்த்த டிவி வீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்க்கலாம்: இங்கே எதுவும் மினுமினுக்காது. சுவர் கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கும், சில இடத்தில் வெள்ளை வெளுத்திருக்கும். அப்படி இருப்பதுதான் சுண்ணாம்புச் சுவருக்கு அழகு என்பது என் கட்சி.

இங்கே எதிரி வேறு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கம் உப்பு கீழேயிருந்து ஏறும். தரங்கம்பாடியில் கடற்காற்றிலேயே வருகிறது. ஜன்னல் கம்பி, கதவுக் கீல், கொக்கி என்று இரும்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் துரு உப்பிக் காரையைப் பிளந்திருக்கும். கடலோரத்தில் பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள், கடலரிப்பில் முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில் வாசலில் நின்று ஒரு முறை யோசித்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். கும்பகோணம் திரும்ப இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்தால்

கார்த்திகையில் வாருங்கள், ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு. உருளி இல்லை, அதை அவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். முற்றத்து வடகிழக்கு மூலைக் கூடல்வாயின் கீழே ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கும். பாட்டி காலத்திலிருந்து மழைத்தண்ணீர் பிடிப்பது அதில்தான்; பருப்பு அந்தத் தண்ணீரில் சீக்கிரம் வேகும் என்பாள் அம்மா. படம் பிடிக்க வந்தவர்கள் நசுங்கின பாத்திரம் ஃபிரேமில் வேண்டாம் என்று அதைக் கொல்லைக்கு அனுப்பினார்கள். அவர்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அம்மா அதை உருட்டிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்துவிட்டாள்.